யாரைப் பார்த்து ஆடுகிறோம்?

மலையகத்து டயகமவில் இப்போது மென்பந்துச் சுற்றுப்போட்டி என்றால் விக்கெட்டுக்கு விக்கெட் ஓர் ஆட்டம் உண்டு. மணிக்கட்டைத் தட்டிக் காட்டுவது, கைகளைக் கட்டிக்கொண்டு தலையை ஆட்டுவது, இரு கைகளையும் தலைக்கு மேல் குவித்துப் பாம்பாக நெளிவது என்று தொலைக்காட்சியில் கண்டதெல்லாம் தோட்டத்து மைதானத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெரியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. 'அந்தக் காலத்துல விக்கெட் எடுத்தவன் கூட்டாளி தோளைத் தட்டிட்டு அடுத்த பந்தப் போடப் போயிருவான்' என்கிறார்கள். 'ஜெயிச்சவன் ஆடாம அழுவானா?' என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பெரியவர்களின் மனக்குறையில் உண்மை இருக்கிறது. ஆனால் குற்றம் எங்கே இருக்கிறது என்று அவர்கள் காட்டும் இடம் தவறு.

ஆட்டக்காரன் அடக்கமாக இருக்க வேண்டும் என்ற பாடம் எங்கிருந்து மலைக்கு வந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தரவளையில் டிக்கோயா மஸ்கெலியா கிரிக்கெட் கழகமும், நானுஓயாப் பக்கம் ராதல்ல மைதானமும் துரைமாரின் விளையாட்டுக்காக உருவானவை. வென்றாலும் தோற்றாலும் முகம் மாறாமல் கைகுலுக்கிவிட்டுப் போவது அங்கே வகுத்த ஒழுங்கு. தொழிலாளிக்கு அந்தப் புல்வெளியில் ஆட இடமிருக்கவில்லை. அவனுடைய கொண்டாட்டம் லயத்து முன்றிலில், தப்போடும் காமன் கூத்தோடும் நடந்தது. மாசியில் காமன் கூத்தை விடிய விடிய ஆடுகிற ஒரு சமூகத்துப் பிள்ளையிடம், கிண்ணம் வென்ற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நில் என்று சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது? துரை வீட்டு ஒழுங்கை ஒழுக்கம் என்று எண்ணிச் சுமந்து திரிய வேண்டியதில்லை. ஆகவே கொண்டாட்டமே பிழை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. பிழை வேறிடத்தில் இருக்கிறது. அதைக் காண நம் நாட்டு அணியின் கதையையே எடுத்துக்கொள்வோம்.

1999 ஜனவரி 23, அடிலெய்ட். இங்கிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் முத்தையா முரளிதரனின் பந்தைக் கை மடக்கி எறிந்ததாகச் சொல்லி நடுவர் ரொஸ் எமர்சன் நோபோல் கொடுத்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க நடுவரோடு விரல் நீட்டி வாதாடினார். அணியை எல்லைக்கோடுவரை அழைத்துப் போனார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 1995 டிசம்பர் 26 அன்று மெல்பேர்னில் டெரல் ஹெயாரும் முரளிக்கு இதையே செய்திருந்தார். விளையாட்டொழுங்குப் புத்தகத்தின்படி ரணதுங்க செய்தது குற்றம். நடுவரை எதிர்ப்பதும் ஆட்டத்தை நிறுத்துவதும் எந்த விதியிலும் ஏற்கப்பட்டதில்லை. ஆனாலும் நம்மில் எவரும் அதைக் குற்றமாக நினைவில் வைத்திருக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து வேலைக்கென்று இந்தியாவிலிருந்து வந்தவரின் பேரன் முரளி. மலையகத்தில் நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முந்தி, ஒரு மலையகத் தமிழனுக்காக ஒரு சிங்களத் தலைவர் முழு அணியையும் எல்லைக்கோட்டுக்கு அழைத்துச் சென்றார். விதிநூல் அதற்கு என்ன பெயர் வைத்தாலும் அது ஒரு தனி ஆளுக்கு நேர்ந்த அநியாயத்தைத் தடுக்க எழுந்த எதிர்ப்பு. யாரையும் சிறுமைப்படுத்த எழுந்ததல்ல.

இப்படிச் சொல்லும்போதே நம் கை கட்டப்பட்டுவிடுகிறது. 2018 மார்ச் 16 அன்று கொழும்பு கெத்தாராம மைதானத்தில் சுதந்திரக் கிண்ணத் தொடரில் இலங்கை–பங்களாதேஷ் ஆட்டத்தின் கடைசி ஓவர். தோளுக்கு மேலே போன பந்துக்கு நோபோல் தரவில்லை என்று பங்களாதேஷ் தலைவர் ஷகிப் அல் ஹசன் எல்லைக்கோட்டருகே நின்று தன் துடுப்பாட்ட வீரர்களை வெளியே வரச் சொல்லிக் கையசைத்தார். களத்தை விட்டுப் போக முயன்றதை மட்டும் வைத்து அவரைத் திட்ட, ரணதுங்கவைக் கொண்டாடுகிற நமக்கு உரிமையில்லை. மஹ்முதுல்லா சிக்சர் அடித்து வென்ற பிறகு நடந்தவைதான் கெட்டவை: வீரர்கள் மோதிக்கொண்டார்கள், உடைமாற்றும் அறையின் கண்ணாடிக் கதவு நொறுங்கியது, இலங்கை வீரர்கள் பார்த்து நிற்கப் பாம்பு நடனம் ஆடினார்கள். ஷகிபுக்கும் நூருல் ஹசனுக்கும் ஆட்டக் கட்டணத்தில் 25 வீதம் அபராதம். அதற்கு ஆறு நாள் முன்பு முஷ்பிகுர் ரஹீம் 35 பந்தில் 72 ஓட்டம் அடித்து 215 என்ற இலக்கை எட்டியபோதும் இதே நடனம்தான் ஆடினார். அன்று அது ஒரு மனிதனின் பெருமகிழ்ச்சி. அன்றைக்கும் 16ஆம் திகதிக்கும் அசைவில் வித்தியாசமில்லை. மாறியது எதிரே நின்றவர்களின் நிலைமை.

இலங்கைப் பக்கமும் சுத்தமில்லை. 2023 நவம்பர் 6, டெல்லி, உலகக் கிண்ணம். தலைக்கவசத்தின் வார் அறுந்ததால் அஞ்சலோ மத்யூஸ் முதல் பந்தை நேரத்துக்கு எதிர்கொள்ளவில்லை, ஷகிப் முறையிட்டார், சர்வதேசக் கிரிக்கெட்டில் நேரம் கடந்ததால் ஆட்டமிழந்த முதல் வீரர் ஆனார் மத்யூஸ். அந்தத் தொடரின் விதி இரண்டு நிமிடம், ஷகிப் கேட்டது சட்டப்படி சரி. முறையீட்டைத் திரும்பப் பெறும் வாய்ப்பு இருந்தும் பெறாதது அவரது பெருந்தன்மைக் குறைவு, அவ்வளவுதான். பிறகு ஷகிபை 82 ஓட்டத்தில் ஆட்டமிழக்கச் செய்த மத்யூஸ் மணிக்கட்டைக் காட்டினார். நொந்த மனிதனின் உடனடிக் கோபம் அது, எனக்குப் புரிகிறது. ஆட்டம் முடிந்தபின் நம் வீரர்கள் கைகுலுக்க மறுத்தார்கள். அது எனக்குப் புரியவில்லை, நான் ஏற்கவுமில்லை.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. 2024 மார்ச்சில் சில்ஹெட்டில் நடந்த இருபது ஓவர் தொடரின் முதல் ஆட்டத்திலேயே பங்களாதேஷின் ஷொரிபுல் இஸ்லாம் விக்கெட் எடுத்து மணிக்கட்டைத் தட்டினார். தொடரை வென்ற இலங்கை அணி கிண்ணத்தோடு வரிசையாக நின்று, எல்லாரும் மணிக்கட்டைக் காட்டிப் படமெடுத்துக்கொண்டது. அதன்பின் ஒருநாள் தொடரை வென்ற பங்களாதேஷ் பக்கத்தில் முஷ்பிகுர் தலைக்கவசத்தைத் தூக்கி, வார் அறுந்ததுபோல் நடித்தார். சில்ஹெட் படத்தைத்தான் இந்த முழுக் கதையிலும் மோசமானது என்று நான் தீர்ப்பேன். ஷகிப் அந்தத் தொடரில் ஆடவே இல்லை. களத்தில் இல்லாத ஒருவரை, நான்கு மாதம் கழித்து, யோசித்துத் திட்டமிட்டு, வென்ற பிறகும் சீண்டினார்கள். கிண்ணம் வென்ற மகிழ்ச்சியைவிடப் பழைய வஞ்சம் பெரிதாகத் தெரிந்த படம் அது.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. 2025 செப்டம்பர் 23, அபுதாபி, ஆசியக் கிண்ணம். வனிந்து ஹசரங்கவை வீழ்த்திய பாகிஸ்தானின் அப்ரார் அஹமட், ஹசரங்கவின் வழக்கமான கொண்டாட்டத்தையே அவருக்கு எதிரே செய்து காட்டினார். ஹசரங்க விட்டாரா? பின்னால் விக்கெட் விழுந்தபோது கைகளைக் கட்டி, அப்ரார் ஆட்டுவது போலத் தலையை ஆட்டினார். பாகிஸ்தான் வென்றது, இருவரும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். சீண்டல்தான், சந்தேகமில்லை. ஆனால் சீண்டியவனும் சீண்டப்பட்டவனும் ஒரே களத்தில், ஒரே பலத்தில் நின்றார்கள். பதில் சொல்லும் வாய்ப்பு இருந்தது, சொல்லியதோடு கணக்கும் தீர்ந்தது.

விதி எழுதுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை எப்படிப் பிடிக்கிறார்கள்? அமெரிக்கக் கல்லூரி உதைபந்தாட்டத்தில், அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டத்தில், அளவுமீறிய கொண்டாட்டத்துக்கு 15 யார் தண்டனை. 2011இல் இன்னும் இறுக்கினார்கள்: புள்ளி எடுக்கும் கோட்டைத் தாண்டுமுன்பே எதிரணியைக் கேலி செய்தால் எடுத்த புள்ளியே ரத்து. அதே ஆண்டு ஒக்டோபரில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பிராட் விங், புளோரிடாவுக்கு எதிராக நெடுந்தூரம் ஓடிக் கோட்டை நெருங்கியபோது இரு கைகளையும் விரித்தார். புள்ளி போயிற்று. வெறும் கைவிரிப்பு அது. அடக்கமின்மையையும் அவமதிப்பையும் ஒரே தராசில் நிறுத்தினால் இப்படித்தான் ஆகும். அந்நாட்டின் தொழில்முறை ஆட்டம் 2017இல் விதியைத் தளர்த்திக் கூட்டாக ஆடுவதை அனுமதித்தது, எதிரணியைக் கேலி செய்வதை மட்டும் தடையாகவே வைத்துக்கொண்டது. சர்வதேசக் கிரிக்கெட் சபையின் ஒழுக்கக் கோவையும் ஏறத்தாழ அங்கேதான் நிற்கிறது: ஆட்டமிழந்து போகிறவரை இழிவுபடுத்தும், கோபமூட்டும் சொல்லும் சைகையும் குற்றம். அடித்தவன் ஆடுவது குற்றமில்லை. இந்தக் கோடே சரியான கோடு.

பார்வையாளருக்கும் இதில் பங்குண்டு. இலங்கைக் கொடியை ஆட்டி ஆட்டியே வாழ்ந்த பெர்சி அபேசேகர எதிரணியின் நல்ல ஆட்டத்துக்கும் மனம்விட்டு ஆரவாரித்தவர். அவர் 2023 ஒக்டோபர் 30 அன்று மறைந்தார். டெல்லி ஆட்டம் ஒரு வாரம் கழித்து நடந்தது.

இனி டயகமவுக்கு வருகிறேன், ஏனென்றால் இங்கே இந்தக் கோடு இன்னும் கூர்மையாக விழுகிறது. தோட்டத்து மைதானம் சரிவை வெட்டி எடுத்த ஒரு தட்டு. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலை. ஓங்கி அடித்த பந்து செடிக்குள் இறங்கிவிட்டால் நாலு பேர் இறங்கித் தேட வேண்டும். சனம் மேட்டில் உட்கார்ந்திருக்கும். ஆட்டமிழந்தவன் துடுப்பைக் கையில் பிடித்தபடி அந்த மேட்டையொட்டிய ஒற்றையடிப் பாதையில், எதிர் டிவிசன் ஆட்களைத் தாண்டித்தான் மேலே ஏற வேண்டும். பெரிய மைதானத்து வீரன் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் போய்விடலாம். இவனுக்கு அந்த மறைவு இல்லை. மறுநாள் காலை பெரட்டில் அதே முகங்கள், கொழுந்து நிறுக்கும் இடத்தில் அதே முகங்கள், பஸ்ஸில் அதே முகங்கள். மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்ற பேச்சுக்கு அடியில் சாதிப் பேச்சும் சில இடங்களில் பதுங்கிக் கிடக்கிறது. மைதானத்தில் காட்டிய ஒரு சைகை அதைக் கிளறிவிட்டால், ஹசரங்கவுக்கும் அப்ராருக்கும் கிடைத்த தழுவல் இங்கே கிடைக்காது. பையன் பதில் சொல்ல மைதானத்தில் இடமில்லாமல், லயத்து வாசலில் சொல்லப் போவான்.

அதனால் ஆட்டத்தைத் தடை செய்யச் சொல்லும் பெரியவர்களோடு நான் இல்லை. தப்பு அடிக்கட்டும், பட்டாசு வெடிக்கட்டும், தன் ஆட்களை நோக்கி ஓடித் தூக்கிப் போட்டு ஆடட்டும், பாம்பாகவும் நெளியட்டும். ஆட்டமிழந்தவனை நோக்கித் திரும்பிய சைகை, அவன் பாதையேறும்போது குறுக்கே நின்ற ஆட்டம், அவன் டிவிசனையோ குடும்பத்தையோ சொன்ன சொல், இவற்றுக்கு மட்டும் தண்டனை வேண்டும். நடுவர் யாரென்று பார்த்தால் அவரும் ஏதோவொரு டிவிசன் ஆள்தான், அவர் தீர்ப்பை யார் கேட்பார் என்பது நியாயமான கேள்வி. அதனால் தண்டனை நடுவரின் மனநிலையில் தங்காமல், போட்டிக்கு முன்பே இரு அணித்தலைவர்களும் கையெழுத்திடும் விதித்தாளில் இருக்க வேண்டும். காசு அபராதம் வேண்டாம். கழகங்களிடம் பந்து வாங்கவே காசு தட்டுப்பாடு. சைகை காட்டிய அணியின் கணக்கிலிருந்து பத்து ஓட்டங்களைக் கழிக்கலாம். ஐந்து ஓவர் ஆட்டத்தில் பத்து ஓட்டம் என்பது வெற்றி தோல்வியைத் தீர்க்கிற தொகை. நடுவர் வாய் திறக்குமுன் தலைவனே ஓடிப்போய்த் தன் பந்துவீச்சாளரின் தோளைப் பிடித்துத் தன் ஆட்கள் பக்கம் திருப்பிவிடுவான்.