முதியவரின் முழக்கம்

வங்கிக் கிளைகள் மூடப்பட்டு, சேவைகள் இணையத்துக்கு மாறியபோது, ஸ்பெயின் நாட்டு ஓய்வுபெற்ற மருத்துவர் கார்லோஸ் சான் ஹுவான் இணையவழியே 6 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டி, 2022 பிப்ரவரியில் அரசிடம் ஒப்படைத்தார். ‘நான் முதியவன், மூடன் அல்லன்’ என்பது அவரது முழக்கம். இரக்கத்தை இரவாத மொழி! அதிலுள்ள ‘மயோர்’ என்னும் ஸ்பானியச் சொல், நம் ‘பெரியவர்’ போலவே, மூத்தவரையும் பெரியதையும் ஒருங்கே குறிக்கும். பலனும் கிட்டியது, நேரடிச் சேவை நேரத்தை நீட்டிக்க வங்கிகள் அத்திங்களிலேயே இசைந்தன.

ஆயினும் இம்முழக்கம் உரிமையை அறிவுத்திறன்மீது நிறுத்துகிறது. மறதிநோயால் தளர்ந்த மூதாட்டி ஒருவர் தம் ஓய்வூதியத்துக்காகக் காசாளர் முன் நிற்கையில், ‘மூடன் அல்லன்’ என்னும் வாதம் அவருக்குத் துணைநில்லாது. அவரும் அதே மதிப்புக்கு உரியவரன்றோ? கையொப்பமிட்டோர் வரிசையிலும் அவர் இருந்திருக்கமாட்டார்.