புண் வராத முதுகு

தாதியர் எழுதியவற்றையும் தாதியரைப் பற்றி எழுதப்பட்டவற்றையும் சில மாதங்களாகத் தேடி வாசித்து வருகிறேன். இலக்கிய ஆர்வம் என்று சொன்னால் பொய். உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து, வாட்டிலிருந்து மாவனல்லை வீட்டுக்குக் கூட்டி வந்த மூன்றாவது வாரம் இடுப்புக்குக் கீழே தோல் கறுத்து உடைந்தது. பிள்ளைகள் நாங்கள் ஐந்து பேர். சுற்றி உட்கார்ந்து யாஸீன் ஓதினோம், அழுதோம், நோய் விசாரிக்க வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினோம். உம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அடுத்த ஒழுங்கையில் ஓய்வுபெற்ற சிங்களத் தாதி ஒருவர் இருக்கிறார். தங்கச்சி போய் அழைத்து வந்தாள். புண்ணைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அழுறது பிறகு செய்யலாம். முதல்ல திருப்புங்க" என்றார் தனக்குத் தெரிந்த தமிழில். விரிப்பை மடித்து இடுப்புக்குக் கீழே போட்டு, இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கித் திருப்புவது எப்படி என்று காட்டினார். இழுக்கக் கூடாதாம், இழுத்தால் தோல் உரியுமாம். பழைய கலண்டர் தாளொன்றின் பின்புறம் கோடு போட்டுத் தந்தார்: இடது, மல்லாக்க, வலது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை.

நம்மிடையே உலவும் தாதியர் கதைகளில் இந்தக் கலண்டர் தாள் இல்லை என்பதுதான் என் குறை. அவற்றில் நோயாளி நன்றி சொல்வார், தாதி கண் கலங்குவார், வாழ்க்கையைப் புரிந்துகொண்டேன் என்று கதை முடியும். நடுவில் கை என்ன செய்தது என்பது மட்டும் வராது. "வெள்ளைத் தேவதை" என்று ஒரு பட்டம் வேறு. தேவதைக்குக் கால் வலிக்காது, சம்பளமும் தேவையில்லை.

2018 மே மாதம் கேரளத்தின் பேராம்பிரா வைத்தியசாலையில் நிபா நோயாளிகளைக் கவனித்த தாதி லினி, அதே நோய்க்கு ஆளாகி மௌத்தானார். தனி அறையிலிருந்து பஹ்ரைனில் வேலை பார்த்த கணவருக்கு ஒரு சிறு கடிதம் எழுதி வைத்திருந்தார். பத்திரிகைகள் அவரைத் தியாகி ஆக்கின. கடிதத்தில் தியாகம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இனிச் சந்திக்க முடியாமல் போகலாம், பிள்ளைகளைக் கவனியுங்கள், அவர்களைக் கல்ஃபுக்குக் கூட்டிப் போங்கள் என்பதுதான் அதிலிருந்தது. கல்ஃபில் உழைக்கும் ஆண்களைக் கொண்ட நம் ஊர்க்காரருக்கு அதை வாசிக்க விளக்கவுரை வேண்டியதில்லை.

என்னைக் கூடுதலாக உலுக்கியது அருணா ஷான்பாக்கின் கதை. மும்பாய் கே.ஈ.எம். வைத்தியசாலையில் தாதியாக இருந்தவர். 1973 நவம்பர் 27 இரவு அங்கேயே வேலை பார்த்த ஓர் ஊழியனால் கொடூரமாகத் தாக்கப்பட்டு மூளை சிதைந்துபோனார். 2015 மே 18 வரை, ஏறத்தாழ 42 வருடங்கள், அதே வைத்தியசாலையின் கட்டிலில் கிடந்தார். கவனித்தவர்கள் அங்குள்ள தாதியர். முதலில் கூட வேலை செய்தவர்கள். அவர்கள் ஓய்வு பெற்றதும், அருணா நடந்ததைப் பார்த்தேயிராத புதியவர்கள்.

பத்திரிகையாளர் பிங்கி விரானி 1998இல் இவரைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல்தான் உலகம் அறிந்தது. துணிச்சலான நூல். ஆனால் அதன் மையம் அருணாவுக்கு நடந்த அநியாயமும், சட்டம் அவரைக் கைவிட்ட விதமும். பிறகு விரானியே, உணவூட்டுவதை நிறுத்தி அவரைப் போக விடுங்கள் என்று உச்ச நீதிமன்றம் போனார். தாதியர் எதிர்த்தார்கள். 2011 மார்ச் 7இல் நீதிமன்றம் அந்த மனுவை ஏற்கவில்லை. அருணாவுக்காகப் பேசும் உரிமை விரானிக்கல்ல, வைத்தியசாலை ஊழியருக்கே என்றது.

அந்த வழக்கில் எடுத்துச் சொல்லப்பட்ட ஒரு செய்தி: இத்தனை வருடத்தில் அருணாவின் உடம்பில் ஒரு படுக்கைப் புண்கூட வரவில்லை. இதை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் போய்விட்டது. நாங்கள் மூன்று வாரத்தில் தோற்றுப்போன விஷயம். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை என்று சும்மா ஒரு கணக்குப் போட்டால், ஒரு நாளைக்கு 12, வருடத்துக்கு 4,380. 37 வருடத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேல். இதைச் செய்தவர்களில் ஒருத்தி உட்கார்ந்து எழுதிய புத்தகம் ஒன்றும் என் கைக்கு எட்டவில்லை. சட்டத்தரணிகளின் வாதத்துக்கு நடுவே ஒரு வரியாக நிற்கிறது அவர்களுடைய காவியம்.

விரானியின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். உயிரை முடித்து வைக்கும் உரிமை மனுசனுக்கு இல்லை என்பது நம் ஈமான். அதில் எனக்குத் தடுமாற்றம் இல்லை. ஆனாலும் அந்த 42 வருடமும் அருணாவுக்கு எப்படி இருந்தது என்ற கேள்வியைத் தாதியரின் அன்பு மூடிவிட முடியாது. ஒரு தாதி எழுதியிருந்தால் அவளும் அந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டியிருப்பாள். பக்கத்தில் நின்றவள் அவள்தானே.

நம் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஃது இப்னு முஆத் (ரழி) அவர்களை, பள்ளியில் இருந்த ருஃபைதா (ரழி) அவர்களின் கூடாரத்தில் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸீரா நூல்கள் கூறுகின்றன. பக்கத்தில் இருந்தால் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பதற்காக. நாமோ "இஸ்லாத்தின் முதல் தாதி" என்று தலைப்புப் போட்டுக் கட்டுரை எழுதுவோம், மீலாத் மேடையில் பேசுவோம். மகள் நேர்சிங் போகிறேன் என்றால், "கவுன் போட வேணுமே, நைட் டியூட்டி வேற" என்போம். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு ஆசிரியைகள். தாதியரை எண்ண ஒரு கை போதும். வாட்டில் படுத்திருக்கும் நம் உம்மாமார், வலி எங்கே என்பதைச் சிங்களத்தில் சொல்லத் தெரியாமல் விரலால் காட்டுகிறார்கள். அப்படியிருக்க, தாதி எழுதிய கதை நம்மிடம் எங்கிருந்து வரும்?

உம்மாவின் புண் ஆற நாலு மாதம் எடுத்தது. கலண்டர் தாள்களைத் தங்கச்சி வீசாமல் வைத்திருக்கிறாள். போன வாரம் எடுத்துப் பார்த்தேன். இடது, மல்லாக்க, வலது என்று சரி அடையாளங்கள் வரிசையாகப் போகின்றன. ஒரு தாளில், இரவு 2 மணிக் கட்டத்துக்குள் அவளுடைய கோணல் எழுத்தில் இருக்கிறது: "வலது. உம்மா தண்ணி கேட்டா. என்ட பேரைச் சொல்லித்தான் கேட்டா."