பெயரை அனுப்பாதீர்கள், புள்ளியை அனுப்புங்கள்

கொழும்பின் கொம்பனித்தெருவில் முகவரி தேடுகிறவருக்கு முதல் சிக்கல் ஊரின் பெயர்தான். தமிழில் கொம்பனித்தெரு, சிங்களத்தில் கொம்பஞ்ஞ வீதிய, ஆங்கிலத்தில் ஸ்லேவ் ஐலண்ட். ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்துவைத்த காலத்தை நினைவூட்டும் அந்த ஆங்கிலப் பெயரைக் கைவிடச் சொல்லி 2022இல் அரசாங்கம் அறிவுறுத்தியது. பழக்கம் அவ்வளவு விரைவில் மாறுமா? வீதிகளும் இப்படித்தான். யூனியன் பிளேஸ் என்று எல்லோரும் சொல்வது பலகையில் கொல்வின் ஆர். டி சில்வா மாவத்தை. பழையவர்களின் பார்சன்ஸ் ரோட் இன்று சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தை. அந்தப் பெயரைக் காரின் திரையில் ஆங்கிலத்தில் தட்டிப் பாருங்கள்: ‘டி’ ஒன்றா இரண்டா, நடுவில் ‘எம்’மா ‘என்’னா என்று யோசிப்பதற்குள் பின்னால் பத்து ஹோர்ன் அடித்துவிடும்.

அதனால்தான், போனில் தேடிய இடத்தை நேரே காருக்கு அனுப்பும் வசதியைச் சோதிக்க இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். கார் வெள்ளவத்தையில் இருக்கும் மச்சானுடையது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்த பிறகு வந்த மின்சார எஸ்யூவி. எந்தக் கொம்பனி என்பதைவிட இந்த வசதி எப்படி என்பதே இங்கே பேச்சு.

எப்படி வேலை செய்கிறது?

யோசனை புதிதல்ல. கூகுள் மெப்பில் பார்த்த முகவரியைக் காருக்கு அனுப்பும் வசதியை பிஎம்டபிள்யூ 2007இலேயே ஜெர்மனியில் கொண்டுவந்தது. இன்றைய முறை இலகு: மெப்பில் இடத்தைத் தேடி, ‘ஷெயார்’ அழுத்தி, காரின் அப்பைத் தொட்டால் போதும். தகவல் போனிலிருந்து கார்க் கொம்பனியின் சேர்வருக்குப் போய், அங்கிருந்து காருக்குள் இருக்கும் சிம் வழியாகத் திரைக்கு வருகிறது. பக்கத்து இருக்கைக்கு அனுப்பினாலும் கடல் கடந்து சுற்றித்தான் வரும். நிலக்கீழ்க் கார் தரிப்பிடத்தில் சிக்னல் இல்லையென்றால் வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அண்ட்ரோய்ட் ஓட்டோ, அப்பிள் கார்பிளே இரண்டும் வேறு வகை. அங்கே எதையும் அனுப்புவதில்லை. போனின் மெப்பே காரின் திரையில் தெரிகிறது. வித்தியாசம் சின்னதாகப் படும். மின்சாரக் காரில் அது பெரிது, பின்னால் சொல்கிறேன்.

வீதியில்

முதல் சோதனை கியூ ரோட்டில் உள்ள சிவசுப்பிரமணிய சுவாமி கோவில். போனிடம் தமிழில் வாயால் கேட்டேன், உடனே காட்டியது. அனுப்பினேன். அரை நிமிடத்துக்குள் காரின் திரையில் ‘போகலாமா?’ என்ற கேள்வி. காருக்குத் தமிழ் தெரியாது, போனுக்குத் தெரியும். இடையில் போனது வெறும் அகலாங்கும் நெட்டாங்கும்தான். எழுத்துக்கூட்டல் தொல்லையே இல்லை.

இரண்டாவது சோதனையில் சறுக்கியது. வட்ஸ்அப்பில் வந்த அழைப்பிதழிலிருந்து ‘சர்ச் ஸ்ட்ரீட்’ என்ற சொல்லை மட்டும் கொப்பி பண்ணி அப்பில் ஒட்டி அனுப்பினேன். கொம்பனித்தெருவில் ஒரு சர்ச் ஸ்ட்ரீட் உண்டு. தேவாலயம் இருக்கும் பல ஊர்களில் அப்படியொரு வீதி உண்டே! கார் வேறோர் ஊருக்கு வழி காட்டிவிட்டு, ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றது. காரணம் எளிது: சொல் போனால் கார் தன் சொந்த வரைபடத்தில் அதை மறுபடி தேடுகிறது, புள்ளி போனால் தேட எதுவுமில்லை. மெப்பில் இடத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, அங்கே ‘பின்’ குறி விழுந்த பிறகு அதை அனுப்பினேன். சரியாக வந்தது.

மூன்றாவது, ரயில் கடவை நெரிசலைத் தவிர்க்க 2024இல் திறந்த மேம்பாலம். போனின் மெப் அதில் ஏறச் சொன்னது. காரின் வரைபடத்தில் பாலமே இல்லை; மேலே ஏறியதும் ‘திரும்புங்கள், திரும்புங்கள்’ என்று புலம்பியது. சேர வேண்டிய இடம் சரியாக வந்தாலும் வழி காரின் பழைய அறிவைப் பொறுத்ததே. கொழும்பு நகருக்குள் ஓடுவதற்கு, போனின் மெப்பைத் திரையில் காட்டும் முறையே மேல். நெரிசலையும் அது சொல்லும்.

யாழ்ப்பாணம் என்றால் கதை வேறு

கொழும்பிலிருந்து ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இங்கேதான் அனுப்பும் வசதிக்கு உண்மையான பெறுமதி. காரின் சொந்த மெப்புக்குப் பற்றரியில் எவ்வளவு மிச்சம் என்று தெரியும்; யாழ்ப்பாணத்தை அனுப்பியவுடன், சேரும்போது எத்தனை வீதம் இருக்கும், வழியில் சார்ஜ் வேண்டுமா என்று கணக்குப் போட்டது. போனிலிருந்து தெரியும் மெப்புக்கு அந்தக் கணக்கு தெரியாது. பற்றரி அளவை அதற்குச் சொல்லிக்கொடுக்கும் கார்கள் சிலவே.

ஆனால் கார் சொல்லும் சார்ஜ் நிலையத்தைக் கண்ணை மூடி நம்பாதீர்கள். பழைய ஜப்பான் கார்களுக்கு வேகச் சார்ஜ் சாடெமோ பிளக்கில். இப்போது வருபவற்றுக்குப் பெரும்பாலும் சிசிஎஸ் 2. கார் சொல்லும் நிலையத்தில் உங்களுக்கேற்ற பிளக் இல்லாமல் போகலாம். நான் செய்தது: சார்ஜ்நெட் போன்ற உள்ளூர் அப்பில் நிலையத்தையும் பிளக்கையும் உறுதி செய்து, அதே இடத்தை மெப்பில் எடுத்து, இடைத் தரிப்பாகக் காருக்கு அனுப்பினேன். இரண்டு நிமிட வேலை. வவுனியாவில் நின்று தவிப்பதற்கு இது மேல்.

ஜப்பானிலிருந்து வந்த கார் என்றால்?

ஆசைப்பட வேண்டாம். பத்து வருடங்களுக்கு முன் இங்கே வந்து குவிந்த ரீகண்டிஷன் மின்சாரக் கார்களில் மெப்பும் மொழியும் ஜப்பானுக்குரியவை. கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பரின் காரில் ‘வீடு’ பொத்தானை அழுத்தினால் இன்றும் முந்தைய சொந்தக்காரரின் வீடுதான். நீங்கள் காரை விற்கும் நாளில் அப்பிலிருந்து காரை நீக்கி, காரில் சேமித்த இடங்களையும் அழித்துவிடுங்கள்.

இன்னொன்று: இந்த வசதியின் ஆயுள் காரின் ஆயுள் அல்ல. பழைய நிசான் லீஃப்கள் 2ஜியில் பேசியவை. அந்த வலையமைப்பு மூடப்படுவதைக் காட்டி, பிரித்தானியாவில் அவற்றுக்கான அப்பை 2024 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள். கார்கள் இன்னும் ஓடுகின்றன. வாங்கும்போது, இணைய சேவை எத்தனை வருடம், அப் இலங்கை இலக்கத்தில் பதிவாகுமா என்று கேளுங்கள்.

முடிவு

நகருக்குள் போனின் மெப், தூரப் பயணத்துக்கு அனுப்பும் வசதி. இரண்டிலும் சொல் வேண்டாம், புள்ளி போதும். பத்துக்கு ஏழு கொடுப்பேன். வரைபடத்தைப் புதுப்பித்தால் எட்டு.

கடைசியாக, போனில் தமிழில் பெயரிட்டுச் சேமித்திருந்த ‘அம்மம்மா வீடு’ என்ற இடத்தை அனுப்பிப் பார்த்தேன். காரிடம் தமிழ் எழுத்துரு இல்லை. பெயர் வெறும் சதுரக் கட்டங்களாக வந்தது. கட்டங்களை நம்பி ஓட்டினோம். மலே வீதியைத் தாண்டி இரண்டு திருப்பம். கேற்றுக்கு முன்னால் போய் நின்றது.