தினமும் 500 வார்த்தை... கொஞ்சம் சந்தேகம்!

தினமும் 500 வார்த்தை. எண்ணி எழுதுவார். ஐந்நூறைத் தொட்டால் அன்றைய வேலை முடிந்தது. கிரஹாம் கிரீன் என்ற இங்கிலாந்து எழுத்தாளரின் பழக்கம் இது. வயதான பிறகு எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டாரே தவிர, எண்ணுவதை விடவில்லை. நான் பி.காம். படித்தவன். இந்த மாதிரி விஷயம் கண்ணில் பட்டால் உடனே பெருக்கிப் பார்த்துவிடுவேன். வாரத்துக்கு 5 நாள், வருஷத்துக்கு 50 வாரம் என்றால் 1,25,000 வார்த்தை! ‘மூட்’ வரட்டும் என்று காத்திருப்பவர்கள் கவனிக்க.

கிரீனை நீங்கள் படித்ததில்லையா? பரவாயில்லை. மால்குடி தெரியும்தானே? ஆர்.கே.நாராயணின் முதல் நாவலை லண்டன் பதிப்பாளர்கள் வரிசையாகத் திருப்பி அனுப்பினார்கள். வெறுத்துப்போன நாராயண், அங்கே இருந்த நண்பருக்கு, ‘கல்லைக் கட்டி தேம்ஸ் நதியில் போட்டுவிடு’ என்கிற மாதிரி எழுதிவிட்டார். நண்பர் நதிக்குப் போகவில்லை, கிரீனிடம் போனார். 1935-ல் ‘சுவாமி அண்ட் ஃபிரண்ட்ஸ்’ வெளிவந்தது. அந்தத் தலைப்பே கிரீன் சொன்னதுதான். அந்த வகையில் நாமும் அவருக்குக் கடன்காரர்கள்.

இப்போது மதத்துக்கு வருவோம். கிரீன் பிறவிக் கத்தோலிக்கர் இல்லை. கல்லூரி நாட்களில் ஏதோ ஒரு கட்டுரையில், கத்தோலிக்கர்கள் கன்னி மரியாளை ‘ஆராதிக்கிறார்கள்’ என்று எழுதப்போக, விவியன் என்ற பெண் அது தப்பு என்று திருத்திக் கடிதம் போட்டார். ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான், மரியாளுக்குச் செலுத்துவது வணக்கம் என்பது அவர் கட்சி. கடிதம் காதலானது. காதலுக்காக வேதம் கற்கப் போனவர், பாதிரியாரோடு மல்லுக்கட்டி, கடைசியில் 1926-ல் ஞானஸ்நானம் பெற்றார். தேர்ந்தெடுத்த பெயர் தாமஸ். ‘பார்த்தால்தான் நம்புவேன்’ என்று அடம்பிடித்த சீடரின் பெயர்!

பெயர் ராசியோ என்னவோ, சந்தேகம் அவரைக் கடைசிவரை விடவில்லை. விடாததுதான் அவர் எழுத்துக்கு லாபம் என்பது என் கட்சி.

1938-ல் கிரீன் மெக்ஸிகோ போனார். டபாஸ்கோ மாநிலத்தில் அதற்குச் சில வருஷங்களுக்கு முன் தேவாலயங்களை இடித்து, பாதிரியார்களைத் துரத்தி, மிஞ்சியவர்களைக் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்ன ஆட்சி நடந்திருந்தது. மதுவுக்கும் தடை. அந்தப் பயணத்தில் பிறந்தது ‘தி பவர் அண்ட் த குளோரி’ (1940). கதாநாயகன் ஓடி ஒளியும் ஒரு பாதிரியார். பெயர்கூடக் கிடையாது. குடிகாரர், பயந்தாங்கொள்ளி, ஒரு பெண் குழந்தைக்குத் தகப்பன் வேறு. துரத்துகிற போலீஸ் அதிகாரியோ லஞ்சம் வாங்காதவன், ஏழைக் குழந்தைகளின் எதிர்காலத்தை நினைத்து உருகுகிறவன். யார் நல்லவன், சொல்லுங்கள்?

ஒரு ராத்திரி சிறையில் நடக்கும். இருட்டு, நாற்றம், நெரிசல். பாதிரியார் தான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறார். தலைக்கு விலை இருக்கிறது, காட்டிக்கொடுத்தால் பணம். அங்கே கிடக்கிற திருடனும் கொலைகாரனும் வாயைத் திறக்கவில்லை. காலையில் மலவாளியைச் சுமந்து சுத்தம் செய்கிறார். அடையாளம் தெரியாத அதே அதிகாரி, ‘வயசான மனுஷன், பாவம்’ என்று ஒரு நாணயத்தைக் கொடுத்து வெளியே அனுப்புகிறான். சும்மா சொல்லக் கூடாது, இந்த மாதிரி அத்தியாயத்தை எழுதிவிட்டு ஒருத்தர் ரிட்டயர் ஆகிவிடலாம்.

எல்லை தாண்டித் தப்பித்த பிறகும் அவர் திரும்பி வருகிறார். சாகக் கிடக்கும் ஒரு கொள்ளைக்காரனுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்க. பொறி என்று தெரிந்தே வருகிறார். அந்த ஆளோ பாவத்தைச் சொல்லாமலேயே செத்துப்போகிறான். கணக்குப்படி சுத்த நஷ்டம். அந்த நஷ்டத்துக்குத்தான் பாதிரியார் உயிரைக் கொடுக்கிறார்.

இதைப் படித்து வத்திக்கான் மகிழ்ந்திருக்க வேண்டாமா? இல்லை. 1953-ல் ரோமில் நாவலைக் கண்டித்தார்கள். திருத்தச் சொல்லி லண்டன் கார்டினல் மூலம் தகவல் வந்தது. கிரீன் சண்டை போடவில்லை, பயப்படவும் இல்லை. ‘உரிமை பதிப்பாளர்களிடம் இருக்கிறதே’ என்று பணிவாகப் பதில் எழுதினார். ஒரு கமா மாறவில்லை. வத்திக்கானுக்குள்ளேயே அந்த நாவலுக்காகப் பேசியவர் மாண்டினி. அவரே பிறகு போப் ஆறாம் பவுல் ஆனார். 1965-ல் கிரீனைச் சந்தித்தபோது, உங்கள் புத்தகங்கள் சில கத்தோலிக்கர்களைப் புண்படுத்தத்தான் செய்யும், அதைப் பொருட்படுத்தாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்.

அதற்காக கிரீனின் எல்லாமே தங்கம் என்று சொல்ல மாட்டேன். 1948-ல் வந்த ‘த ஹார்ட் ஆஃப் த மேட்டர்’ பிரமாதமாக விற்றது. ஆப்பிரிக்காவில் ஒரு போலீஸ் அதிகாரி. மனைவிக்கும் காதலிக்கும் இடையில் மாட்டிக்கொண்டு, சாவான பாவத்தோடு நற்கருணை வாங்கி, கடைசியில் தற்கொலை செய்துகொள்கிறார். ஜார்ஜ் ஆர்வெல் அந்த நாவலை வாரிவிட்டார். நரகத்துக்குப் போவதையே ஏதோ கௌரவம் மாதிரி, கத்தோலிக்கர்களுக்கு மட்டும் அனுமதியுள்ள உயர்தர கிளப் மாதிரி காட்டுகிறார் என்பது ஆர்வெலின் நக்கல். அதில் நியாயம் இருக்கிறது. அந்த நேரத்தில் கிரீனே மனைவிக்கும் காதலி கேத்தரினுக்கும் இடையில் கிடந்தார். அந்த நாவலின் வேதனையில் பாதி சுயபச்சாதாபமாகவே எனக்குப் படுகிறது. மெக்ஸிகோ பாதிரியார் தன்னை நினைத்து வெட்கப்படுகிறார். ஆப்பிரிக்கப் போலீஸ்காரர் தன்னை நினைத்து உருகுகிறார். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனால் அது பெரிய வித்தியாசம்.

‘கத்தோலிக்க எழுத்தாளர்’ என்ற பட்டம் கிரீனுக்குப் பிடிக்காது. ‘எழுத்தாளன், கத்தோலிக்கனாகவும் இருக்கிறேன்’ என்பார். வயதான காலத்தில் தன்னைக் கத்தோலிக்க அக்னாஸ்டிக் என்றுகூடச் சொல்லிக்கொண்டார். ஆனாலும் லியோபோல்டோ துரான் என்ற ஸ்பெயின் நாட்டுப் பாதிரியாரோடு காரில் ஊர் ஊராகச் சுற்றினார். ஒயின் உண்டு, விவாதம் உண்டு. அதிலிருந்து 1982-ல் ‘மான்சினியோர் கிஹோட்டே’ என்ற நாவலும் வந்தது. ஒரு பாதிரியாரும் ஒரு கம்யூனிஸ்ட்டும் பழைய காரில் போகிற கதை. இருவரும் நம்புகிறார்கள், இருவருக்கும் சந்தேகம் இருக்கிறது, அதனால்தான் சிநேகம் நிலைக்கிறது. 1991-ல் ஸ்விட்சர்லாந்தில் கிரீன் இறக்கும்போது அதே துரான் பக்கத்தில் இருந்தார்.

மதத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து எழுதினால் பிரசுரம் வரும், நாவல் வராது. மதத்தைத் திட்டவே எழுதினாலும் அதே கதிதான். தான் நம்புகிற ஒன்றை எதிராளியின் வாயால், அவனுக்கு முழு மரியாதை கொடுத்து, கேள்வி கேட்க விடுகிற தைரியம் வேண்டும். அந்தப் போலீஸ் அதிகாரிக்கு கிரீன் கொடுத்த மரியாதை அதுதான்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டால், மெக்ஸிகோ பாதிரியாரிடம் ஆரம்பியுங்கள். தினமும் கோயிலுக்குப் போகிறவராக இருந்தாலும் சரி, வாசலையே மிதிக்காதவராக இருந்தாலும் சரி. அந்தச் சிறை அத்தியாயம் வரைக்குமாவது படித்துவிட்டு, அப்புறம் புத்தகத்தை மூட முடிகிறதா பாருங்கள்.