சிறுபத்திரிகையை எப்படிப் படிப்பது?

1910களின் அமெரிக்காவில், வணிக அரங்குகளுக்கு மாற்றாகக் கிளம்பிய நாடக இயக்கத்துக்கு 'லிட்டில் தியேட்டர்' என்று பெயர். 1914இல் மார்கரெட் ஆண்டர்சன் சிகாகோவில் தொடங்கிய பத்திரிகை 'தி லிட்டில் ரிவ்யூ'. அங்கே 'லிட்டில்' என்றால் சந்தைக்கு வளையாதது. ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவலைத் தொடராக வெளியிட்டதற்காக 1921இல் அதன் ஆசிரியர்கள் இருவருக்கும் அபராதம் விழுந்தது. அந்த 'லிட்டில்'தான் தமிழில் 'சிறுபத்திரிகை'யின் 'சிறு' ஆயிற்று.

சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் தொடங்கி 1970 வரை 119 இதழ்கள் கொண்டுவந்த 'எழுத்து' இங்கே முன்மாதிரி. அதன் பழைய இதழ் கைக்குக் கிடைத்தால் கதை, கவிதைக்கு நேராகத் தாவிவிடாதீர்கள்.

முதலில் பெயர். 'எழுத்து', 'நடை', 'கசடதபற', 'ழ' என எல்லாம் மொழிக்குள்ளிருந்தே எடுத்தவை. வாசகரை மகிழ்விக்க வந்த 'ஆனந்த விகடன்' பெயரோடு ஒப்பிட்டால், இவர்களுடைய அக்கறை எதில் என்பது அட்டையிலேயே தெரியும். 1970இல் வந்த 'கசடதபற' வல்லினத்தை மட்டும் எடுத்துக்கொண்டது; சண்டைக்குத் தயார் என்று அர்த்தம்.

அடுத்து தலையங்கம், சந்தா அறிவிப்பு, வாசகர் கடிதம். பணமுடையும் பிடிவாதமும் அங்கேதான் வெளிப்படும். செல்லப்பா தன் பதிப்பக நூல்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களைப் படியுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம்: ஒற்றை இதழோடு நிறுத்தாமல் அடுத்தடுத்த இதழ்களைச் சேர்த்துப் படியுங்கள். சி. மணியின் 'நரகம்' கவிதை இன்று தொகுப்பில் ஆற அமர உட்கார்ந்திருக்கிறது. 'எழுத்து'வில் வந்த காலத்தில் யாப்பை விட்ட வரிகள் கவிதையாகுமா என்பதே வழக்கு. கவிதை ஒருபுறம், அதைப் பற்றிய விமர்சனம் மறுபுறம் என்று அதே ஏட்டில் நடந்தது விவாதம். கவிஞர் தருமு சிவராமுவும் விமர்சகர் வெங்கட் சாமிநாதனும் அதில்தான் எழுதிப் பழகினார்கள். 24 கவிஞர்களின் 63 கவிதைகளோடு 1962இல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பு, அந்த விவாதத்தின் நடுவே வைத்த சாட்சி.

தொகுப்பு நமக்கு முடிவைத் தருகிறது; இதழ், முடிவு தெரியாத நாளில் நம்மை உட்காரவைக்கிறது. ஆகவே சுமாரான கவிதைகளையும் தாண்டிப் போகாதீர்கள். நல்லது எது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நீங்களே தேர்ந்தெடுத்துப் பாருங்கள்.