ஆலோசனையா, துணையா? – இணையவழி உளவளப் பணியின் தமிழ் குறித்து ஒரு திறனாய்வு

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், பெர்த்தாம் ஆற்றை ஒட்டி அமைந்துள்ள பள்ளத்தாக்கு லெம்பா பெர்த்தாம். இம்மலையின் தேயிலை வரலாறு 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் நிறுவிய போ தோட்டத்தோடு தொடங்குகிறது. அவ்வரலாற்றை உழைப்பால் எழுதியோருள் தமிழர் முதன்மையானோர். 2013 அக்டோபர் 23ஆம் நாள் நள்ளிரவு கடந்த வேளையில், கனமழையால் நிறைந்த சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, இப்பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்தது. உயிர்களும் வீடுகளும் அழிந்தன. வீடுகளை எண்ணிவிடலாம். மழை பெய்யும் இரவுகளில் பிள்ளைகளை அருகில் கிடத்தி விழித்திருக்கும் பெற்றோரின் உள்ளத்தை எண்ணுவதற்கு நம்மிடம் அளவுகோல் உண்டா என்பதே இக்கட்டுரையின் தொடக்க வினா.

இன்று அத்தகைய பெற்றோருக்குத் தொலைவழி உதவி எட்டும் நிலை தோன்றியுள்ளது. மலேசியச் சுகாதார அமைச்சு 2022 அக்டோபரில் 15555 என்னும் உளநலத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. அதே திங்களில் இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவை தமிழிலும் இயங்குகிறது. கோவிட் பெருந்தொற்றுக்குப் பின் காணொளி வழியாக உளவள ஆலோசனை வழங்குவோரும் பெருகியுள்ளனர். தேவையும் சிறிதன்று. மலேசியத் தேசிய உடல்நல ஆய்வின்படி, 2019இல் 2.3 விழுக்காடாக இருந்த மனச்சோர்வு 2023இல் 4.6 விழுக்காடாக உயர்ந்தது. ஆயினும் இச்சேவைகள் எந்தத் தமிழில் பேசுகின்றன, அத்தமிழ் தோட்டப்புறப் பெற்றோரைச் சென்றடையுமா என்பவற்றை நாம் போதிய அளவு ஆராயவில்லை. மொழித்துறையினர் ஆராய வேண்டிய வினா இது.

முதலில் கலைச்சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘மன அழுத்தம்’ என்னும் தொடர் இன்று இரு வேறு நிலைகளைக் குறிக்க வழங்குகிறது. வேலைச்சுமை, கடன், பிள்ளைகளின் கல்வி ஆகியவற்றால் வரும் அன்றாட நெருக்கடியும் மன அழுத்தமே. மருத்துவம் வேண்டும் மனச்சோர்வு நோயும் மன அழுத்தமே. முன்னது ஓய்வாலும் உறவாலும் தணியக்கூடும். பின்னதைத் தணியும் எனக் காத்திருப்பது உயிருக்கே கேடாகலாம். ஒரே சொல் இரண்டையும் சுமக்கும்போது, நோயுற்ற தாயிடம் “எல்லாருக்கும் இருப்பதுதானே” என்று சொல்லிக் கடந்துவிடும் ஆபத்து நேர்கிறது. இலங்கைத் தமிழ் உளவியலார் முன்னதை ‘நெருக்கீடு’ என்றும் பின்னதை ‘மனச்சோர்வு’ என்றும் பிரித்து வழங்குவர். போரின் நடுவே நோயாளரோடு பேசிப் பழகியதால் கூர்மைபெற்ற சொல்லாட்சி அது எனலாம்.

அவர்களிடமிருந்து நாம் கொள்ளத்தக்க மற்றொரு சொல் ‘உளவளத்துணை’. நாம் ‘ஆலோசனை’ என்கிறோம். ஆலோசனை என்றதும் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்பதாகிய உறவு தோன்றுகிறது. தோட்டத்துப் பெற்றோர் ஆலோசனைக்குப் பஞ்சப்பட்டவர் அல்லர். மேலாளர், கங்காணி, கோயில் தலைவர், பள்ளி ஆசிரியர் எனப் பலரும் தலைமுறைகளாக அவர்களுக்கு அறிவுரை சொல்லியே வந்துள்ளனர். அவர்களுக்குக் கிட்டாதது செவி. ‘துணை’ என்னும் சொல் அச்செவியைச் சுட்டுகிறது. உளவளப் பணியின் அடிப்படையும் அறிவுரை கூறுவதன்று, கேட்டலும் உடனிருத்தலுமே. ஆகவே, பெயரே பணியைப் பிழைபட உணர்த்துகிறது என்பது நம் முதல் குறை.

இரண்டாவது குறை வினாநிரல் பற்றியது. இணையவழிச் சேவைகள் பெரும்பாலும் கடந்த இரு வாரங்களின் மனநிலையை எண்ணால் மதிப்பிடச் சொல்லும் படிவத்தோடு தொடங்குகின்றன. தோட்டப்புறத் தமிழரோ துயரை உடம்பின் வழியே உரைப்பர். ‘நெஞ்சு அடைக்குது’, ‘தல கனக்குது’, ‘ஈரக்கொல நடுங்குது’ என்பன அவர்தம் வழக்கு. இதனைக் கல்லாமையின் அடையாளமாகக் கருதுவது பிழை. அகத்தில் எழும் உணர்வு மெய்யின்கண் வெளிப்படுதலை மெய்ப்பாடு என இலக்கணப்படுத்திய மரபு நம்முடையது. அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறார். பிறர் இகழ எளியராதல், இழத்தல், முன்னை நிலை கெட்டு வருந்துதல், இன்மை என இவற்றை விரிக்கலாம். வெள்ளத்தில் வீடிழந்த தந்தையின் துயர் இழவு. அயல்நாட்டுத் தொழிலாளர் நிறைந்துவிட்ட தோட்டத்தில், தான் பிறந்த மண்ணிலேயே சிறுபான்மையாகிவிட்டவரின் துயர் அசைவு. பிள்ளையின் முன் தன் கல்லாமைக்கு நாணும் தாயின் துயர் இளிவு. மூன்றையும் ‘மன அழுத்தம்’ என்னும் ஒரே பெட்டியில் இடும் படிவத்தைவிட இந்நால்வகைப் பகுப்பு நுட்பமானது. மருத்துவ அளவுகோலுக்கு இது மாற்றாகாது. ஆனால் உரையாடலைத் தொடங்குவதற்கு உரிய வாயிலாகும்.

மூன்றாவது குறை இடையாளர் இன்மை. குடும்ப நெருக்கடியை நேரே உரைப்பது தமிழ் மரபில் அரிது. அறத்தொடு நிற்றலில் தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தன்னையர்க்கும் உரைப்பர். ஒவ்வொரு படியிலும் செய்தி கேட்போர்க்கேற்ற சொல்வடிவம் பெறுகிறது. இணையச் சேவையோ துயருற்றவரை அறிமுகமில்லா ஒருவர்முன் ஒரே அடியில் நிறுத்துகிறது. சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனம் 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய தொலைவழி மனநலப் பணி இங்கு ஒப்புநோக்கத்தக்கது. மருத்துவர் சென்னையிலிருந்து திரைவழியே பேசினார். ஆனால் திரையைத் தாங்கிய ஊர்தி சிற்றூருக்கே சென்றது, களப்பணியாளர் உடனிருந்தனர். தொழில்நுட்பம் தோழியை நீக்கவில்லை.

இணையவழியின் நன்மையை நாம் மறுக்கவில்லை. ஒருவர் வீட்டுச் செய்தியை மறுநாள் தோட்டமே அறியும் சூழலில், வெளியூர்ச் செவி ஒரு விடுதலையே. தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவு 2023இல் நீக்கப்பட்டதால், உதவி கேட்பதற்கு இருந்த பெருந்தடையொன்றும் அகன்றது. எனினும் மெல்லிய சுவர் கொண்ட லயத்து வீட்டில், குடும்பத்துக்கே ஒரு கைப்பேசி இருக்கையில், மனைவி கணவனைப் பற்றி எங்கே நின்று பேசுவாள்? மறைவான அறையை இருப்பதாகக் கொண்டே இச்சேவைகள் வகுக்கப்பட்டுள்ளன. அந்த அறையே பலருக்கு இல்லை.

தமிழாசிரியர் இங்கு ஆற்றத்தக்க பணி உண்டு. ஆசிரியர் உளவளத்துணையாளராக வேண்டியதில்லை. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்பணி பதிவுபெற்றோர்க்கே உரியது. ஆனால் அவர் தோழியாகலாம். பள்ளி முடிந்தபின் ஓர் அறையைத் திறந்து வைக்கலாம். பெற்றோர் சொல்லும் தொடரை அவர்தம் சொல்லிலேயே குறித்துக்கொண்டு, அவர் இசைவுடன் உரியவரிடம் சேர்ப்பிக்கலாம். பல்கலைக்கழகத் துறைகளோ, தோட்டப்புறத் துயர்மொழியைத் தொகுத்து உளவளப் பணியாளர்க்குப் பயிற்றுவிக்கலாம். வழக்குச்சொல் அகராதி தொகுத்தல் நமக்குப் புதிதன்று; அதன் பயன் இவ்வாறு ஓர் உயிரைத் தொடக்கூடும் என்பதே புதிது.

லெம்பா பெர்த்தாமில் ஒரு தாய் ‘நெஞ்சு அடைக்குது’ என்று சொல்லும்போது, மறுமுனையில் இருப்பவர் இதயநோய்க்கு ஆவன செய்தபின், “எதை இழந்தீர்கள் அம்மா?” என்றும் கேட்க வேண்டும். அவ்வினாவைக் கேட்கத் தெரிந்த தமிழே இணையத்துக்கு இன்று வேண்டும் தமிழாகும்.