நட்பும் திறனாய்வும்: வங்கத் திரைக்கலை நண்பர் இருவர்

நட்பும் திறனாய்வும் ஒன்றுக்கொன்று பகை என்னும் எண்ணம் தமிழ் எழுத்துலகில் வேரூன்றி நிற்கின்றது. நண்பர் எழுதிய நூலைப் பாராட்டுவது பண்பு. அதில் குறை காண்பது பகைமைக்கு வித்து எனப் பலரும் கருதுகின்றனர். ஆயின் திருக்குறளோ, பிழை கண்டவிடத்துக் கடிந்து திருத்துவதை நட்பின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்துள்ளது. இவ்விரண்டனுள் எது நடைமுறையில் நிற்கவல்லது என்னும் வினாவுக்கு விடைகாண, இலக்கியத்திற்கு அண்டை வீட்டுக் கலையாகிய திரைப்படத்திலிருந்து ஒரு சான்றை எடுத்து ஆராயலாம். அச்சான்று, சத்தியஜித் ரே, சிதானந்த தாஸ்குப்தா என்னும் வங்க நண்பர் இருவர். ஒருவர் படைப்பாளர், மற்றவர் திறனாய்வாளர்.

கழகத்தின் தோற்றம்

இருவரும் 1921 ஆம் ஆண்டில் பிறந்தவர்கள். ரே சாந்திநிகேதனில் ஓவியம் பயின்று, 1943 இல் கல்கத்தாவில் ஓர் ஆங்கில விளம்பர நிறுவனத்தில் ஓவியராகச் சேர்ந்தார். திரைப்படத்தின்மேல் இருவருக்கும் இருந்த பெருவேட்கையே அவர்களை இணைத்தது. இந்தியா விடுதலை பெற்ற 1947 ஆம் ஆண்டிலேயே, ஒத்த கருத்துடைய சிலருடன் சேர்ந்து கல்கத்தாத் திரைப்படக் கழகத்தை அவர்கள் தோற்றுவித்தனர். கழகம் முதன்முதல் திரையிட்டது, உருசிய நாட்டு ஐசன்ஸ்டைன் 1925 இல் இயக்கிய ‘போர்க்கப்பல் பொட்டெம்கின்’ என்னும் ஊமைப்படம்.

இருபத்திரண்டு ஆண்டுகட்கு முன் வெளிவந்த ஓர் ஊமைப்படத்தை, பேசும் படங்கள் பெருகிவிட்ட காலத்தில் தேடிப் பார்த்தது ஏன் என்னும் ஐயம் எழலாம். பழம்படத்தை அவர்கள் பொழுதுபோக்காகக் கருதவில்லை, பாடநூலாகக் கருதினர். யாப்புக் கற்பவன் சங்கப் பாடலைப் பயில்வது போல, காட்சிகளை எங்ஙனம் அறுத்து எங்ஙனம் தொடுப்பது என்பதைக் கற்க ஐசன்ஸ்டைனைப் பயின்றனர். படம் முடிந்தபின் கலைந்து போகாமல் அமர்ந்து விவாதித்தனர், விவாதித்ததை எழுதினர். பார்த்தல், பேசுதல், எழுதுதல் என்னும் இம்மூன்று படிகளும் திறனாய்வுப் பயிற்சியின் அடிப்படை எனின் மிகையாகாது.

1948 இல் கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மேன்’ நாளிதழில், இந்தியத் திரைப்படங்களிடம் உள்ள குறை யாது என்பதை ஆராய்ந்து ரே ஒரு கட்டுரை வரைந்தார். அயல்நாட்டுப் படங்களின் பகட்டைப் பின்பற்றுவதை விடுத்து, கண்முன் உள்ள வாழ்க்கையையே கருப்பொருளாகக் கொள்ளவேண்டும் என்பது அதன் சாரம். அவ்வமயம் அவர் ஒரு படமும் எடுத்தவரல்லர். பிறர் படைப்பைக் குறை கூறியவர் தாம் படைக்கும்போது அவ்வளவையிலேயே அளக்கப்படுவார் என்பதை அவர் அறிந்தே எழுதினார் எனலாம்.

பயிற்சியிலிருந்து படைப்பு

1949 இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார், ‘நதி’ என்னும் படத்தை எடுக்க இடம் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தபோது, ரே அவருடன் ஊர்ப்புறங்களில் சுற்றி அவர் இயற்கையைக் காணும் முறையைக் கண்டறிந்தார். 1950 இல் நிறுவனப் பணியின் பொருட்டு இலண்டன் சென்று தங்கிய மாதங்களில் எண்ணற்ற படங்களைக் கண்டார். அவற்றுள் இத்தாலிய இயக்குநர் டி சிக்காவின் ‘சைக்கிள் திருடர்கள்’ (1948) அவரை உலுக்கியது. தொழில்முறை நடிகர் இன்றியும், அரங்கச் சோடனை இன்றியும், தெருவிலேயே ஒரு பெருங்கலையைப் படைத்தல் கூடும் என்பதற்கு அதுவே கண்கூடான சான்றாயிற்று.

இப்பயிற்சியின் விளைவே, விபூதிபூஷண் பந்தோபாத்தியாயரின் புதினத்தைத் தழுவி 1955 ஆகஸ்டில் கல்கத்தாவில் வெளிவந்த ‘பாதேர் பாஞ்சாலி’. பொருள்முடையால் இடையிடையே நின்று, மேற்கு வங்க அரசின் பொருளுதவியால் நிறைவெய்திய இப்படம், 1956 இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மானிட ஆவணம் என்னும் பரிசைப் பெற்றது.

இதன் சிறப்பை மாணாக்கர்க்கு விளக்க இரண்டு காட்சிகள் போதும். வெளியூர் சென்று பொருள் தேடிய தந்தை அரிகரன், மகள் துர்க்கா இறந்தது அறியாமல் வீடு திரும்புகிறான். அவளுக்கென வாங்கிய சேலையை எடுத்துக் காட்டுகிறான். அதுவரை வாய் திறவாதிருந்த தாய் சர்வஜயா கதறுகிறாள். ஆனால் அவள் குரல் கேட்பதில்லை. அக்குரலின் இடத்தில் தார் ஷெனாய் என்னும் இசைக்கருவியின் ஓலம் எழுகின்றது. அழுகையைக் கேட்டிருந்தால் ஒரு தாயின் துயரமாக மட்டும் நின்றிருக்கும். இசையாக மாறியமையால் தாய்மையின் துயரமாக விரிகின்றது.

இரண்டாவது, படத்தின் இறுதியை ஒட்டிய காட்சி. வீட்டைக் காலி செய்யுங்கால், மாடத்திலிருந்த ஒரு கொட்டாங்கச்சியினுள் மணிமாலை ஒன்றைச் சிறுவன் அபு காண்கின்றான். துர்க்கா திருடினாள் என்று முன்னர்ப் பழி சுமத்தப்பட்ட மாலை அது. அவன் அதை எவரிடமும் காட்டவில்லை. குளத்தில் எறிகின்றான். பாசி விலகி மாலையை ஏற்று, மீண்டும் மெல்ல மூடிக்கொள்கின்றது. ஓர் உரையாடலும் இல்லை. தொல்காப்பியர் கூறும் இறைச்சி, சொல்லப்பட்ட பொருளுக்குப் புறத்தே நின்று பொருள் தருவது. இங்கும் பாசி மூடுதல் என்னும் இயற்கை நிகழ்ச்சி, தமக்கையின் குற்றத்தைத் தம்பி காலமெல்லாம் மறைத்துக் காப்பான் என்னும் பொருளைத் தந்து நிற்கின்றது. அகப்பாடல் பயின்ற தமிழ் மாணாக்கன் இக்காட்சியின் நுட்பத்தை எளிதில் உணர்வான்.

நண்பரின் கண்டனம்

ரேயின் புகழ் உலகெங்கும் பரவிய காலத்தில், அதனைக் கேள்விக்கு உட்படுத்தியவர் அவருடைய நண்பரே. ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்னும் ஆங்கிலத் திரைப்பட இதழின் 1966–67 குளிர்கால வெளியீட்டில், ரேயையும் தாகூரையும் இணைத்து ஆராய்ந்து தாஸ்குப்தா ஒரு கட்டுரை எழுதினார். ரேயின் படங்கள் தாகூரின் மனிதநேய மரபில் ஊன்றி நிற்பவை. சென்ற நூறாண்டுக்கால வங்க வாழ்வின் மாற்றங்களைப் பதிவு செய்பவை. ஆனால் டிராம் வண்டிகள் எரிகின்ற, அகதிகள் குவிகின்ற, வேலையின்மையும் விலையேற்றமும் உணவுத் தட்டுப்பாடும் மலிந்த அன்றைய கல்கத்தா அவற்றில் இடம்பெறவில்லை என்பது அவர் சுட்டிய குறை.

இக்கண்டனம் எந்நிலையில் எழுந்தது என்பதை நோக்குதல் வேண்டும். 1961 இல் ரே எடுத்த ‘மூன்று பெண்கள்’ படத்தின் ஒரு பகுதியாகிய ‘சமாப்தி’யில் கதைத்தலைவியாக நடித்தவர், தாஸ்குப்தாவின் மகள் அபர்ணா. நட்பும் நன்றியும் ஒருங்கே கட்டிப்போடத்தக்க நிலையிலும் திறனாய்வாளர் தம் கருத்தை மறைக்கவில்லை.

கண்டனம் முழுதும் சரியானதா எனில், அன்று என்றே கூறவேண்டும். 1963 இல் வந்த ‘மகாநகர்’ படத்தை அது போதிய அளவு எடைபோடவில்லை. குடும்ப வறுமையால் வேலைக்குச் செல்லும் ஆரதி, வங்கி முறிந்தமையால் வேலையிழக்கும் அவள் கணவன், ஆங்கிலோ-இந்தியத் தோழி அநீதியாக நீக்கப்பட்டதைக் கண்டித்து ஆரதி தன் ஒரே வருவாயைத் துறத்தல் ஆகியன நகர வாழ்வின் நெருக்கடிகளேயன்றி வேறல்ல. அன்றியும், ஒரு படைப்பாளர் எதைப் படைக்கவில்லை என்பதைக் கொண்டு அவரை அளப்பது இடர்ப்பாடுடையது. ஒருவர் நெய்தல் பாடிற்றிலர் என்பதற்காக அவர் பாடிய முல்லை குறைவுபடாது.

ஆயினும் அக்கண்டனத்தில் உண்மையின் கூறு இருந்தது. 1964 இல் வந்த ‘சாருலதா’, தாகூரின் குறுநாவலைத் தழுவிய கலைச்செல்வம் என்பதில் ஐயமில்லை. எனினும் அது பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகையினுள் நிகழ்வது. 1970 இல் ரே ‘பிரதித்துவந்தி’ படத்தை எடுத்தார். அதில் வேலை தேடும் இளைஞன் சித்தார்த்தனிடம், கடந்த பத்தாண்டின் தலையாய நிகழ்ச்சி யாது என நேர்காணலில் வினவுகின்றனர். மனிதன் நிலவில் இறங்கியதை அவன் கூறவில்லை. வியட்நாம் மக்களின் போராட்டத்தைக் கூறி வேலையை இழக்கின்றான். தொடர்ந்து ‘சீமாபத்த’ (1971), ‘ஜன ஆரண்ய’ (1976) ஆகிய இரண்டும் அதே நகரின் ஊழலையும் ஒழுக்கச் சிதைவையும் காட்டின. இம்மாற்றம் நண்பரின் கட்டுரையால் விளைந்தது எனத் துணிதல் தகாது. 1967 க்குப் பின் வங்கத்தில் மூண்ட கொந்தளிப்பே எந்தக் கலைஞரையும் திரும்பிப் பார்க்கச் செய்திருக்கும். எனினும், திறனாய்வாளர் சுட்டிய வெற்றிடத்தைப் படைப்பாளர் பின்னர் நிரப்பினார் என்பது கண்கூடு. அபர்ணாவுக்கு ‘ஜன ஆரண்ய’விலும், 1980 இல் எடுத்த ‘பிக்கூ’விலும் ரே மீண்டும் இடமளித்தார். அதே 1980 இல் ரேயின் படங்களைப் பற்றித் தாஸ்குப்தா தனி நூலே வெளியிட்டார். கருத்து வேறுபாடு உறவை அறுக்கவில்லை என்பதற்கு இவை சான்று.

தமிழகம் பற்றிய நோக்கு

இந்நண்பர்களின் பணிக்கும் தமிழர்க்கும் தொடர்பு உண்டு. 1959 இல் இந்தியத் திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பு தோன்றியபோது, ரே தலைவரானார். தாஸ்குப்தா செயலாளருள் ஒருவரானார். துணைத்தலைவருள் ஒருவர் சென்னையைச் சேர்ந்த அம்மு சுவாமிநாதன். 1943 இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சிராணிப் படைக்குத் தலைமை தாங்கிய லட்சுமியின் அன்னையார் அவரே.

1991 இல் வெளியான ‘வண்ணம் பூசிய முகம்’ எனப் பொருள்படும் ஆங்கில நூலில், தாஸ்குப்தா மக்கள் விரும்பும் படங்களையும் ஆராய்ந்தார். நடிகர் அரசியல் தலைவரானதை விளக்க எம்.ஜி.ஆரையும் என்.டி. ராமராவையும் எடுத்துக்கொண்டார். புராணத்தையும் மெய்ந்நிகழ்ச்சியையும் பிரித்தறியாத மக்கள், திரையில் கண்ட காவலனை வாழ்விலும் காவலனாகவே ஏற்றனர் என்பது அவர் வாதத்தின் போக்கு.

கலைப்படங்களைப் போற்றிய ஒருவர் வணிகப்படத்தையும் ஒதுக்காமல் ஆராய்ந்தது பாராட்டத்தக்கது. ஆயின் இவ்வாதம் தமிழகத்திற்கு முழுமையாகப் பொருந்தாது. திரைத்தோற்றம் ஒன்றே வாக்குகளைத் தருமாயின், நடிப்பில் ஈடிணையற்ற சிவாஜி கணேசன் 1989 இல் திருவையாற்றில் தோற்றிருக்கக் கூடாது. எம்.ஜி.ஆர். 1977 இல் முதல்வரானதற்குப் பின்னே, அண்ணாவின் ‘வேலைக்காரி’ (1949), கலைஞரின் ‘பராசக்தி’ (1952) முதலிய படங்கள் வளர்த்த கொள்கைப் பேச்சும், படிப்பகங்களும், மேடைகளும், ஊர்தோறும் கிளை பரப்பிய கட்சி அமைப்பும், நடிகர் மன்றங்களும் இருந்தன. மக்களின் மயக்கத்தைக் கண்ட திறனாய்வாளர், அவர்தம் அமைப்பு வலிமையை அதே அளவு காணவில்லை. நண்பரின் படத்தில் விடுபட்டதைச் சுட்டியவரின் நூலிலும் ஒன்று விடுபட்டுள்ளது. இதனைச் சுட்டுவது அவரை இழிவுபடுத்துவதாகாது; அவர் காட்டிய வழியில் நடப்பதேயாகும்.

முடிவுரை

ரே 1992 இலும் தாஸ்குப்தா 2011 இலும் மறைந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற படங்களும் நூல்களும் ஒருபுறமிருக்க, அவர்கள் காட்டிய ஒழுகலாறு ஆசிரியர்க்கும் மாணாக்கர்க்கும் உரிய பாடமாகும். தாஸ்குப்தாவின் கண்டனம் ஆளைப் பற்றியதன்று, படைப்பைப் பற்றியது. சிறப்பை முதலில் நிறுவிய பின்னரே குறையை அது கூறிற்று. அவர் கூறியதை மறுப்பவர்க்கும் படங்களே சான்றாக நிற்கின்றன.

இந்நாட்டில் ஒரு கதைத்தொகுதி வெளியீடு காணுங்கால், நூலாய்வு என்னும் பெயரில் வாழ்த்துரைகளே மிகுதியும் ஒலிக்கின்றன. மேடையில் பாராட்டியவர்கள் வீடு திரும்பும் வழியில்தான் குறைகளைப் பேசுகின்றனர். எழுதியவர் செவிக்கு அவை எட்டுவதில்லை. அடுத்த தொகுதியிலும் அதே குறைகள் அச்சேறுகின்றன. வகுப்பில் மாணவனின் கட்டுரையிலுள்ள பிழையைச் சிவப்பு மையால் வட்டமிடும் ஆசிரியரை எவரும் அவனுடைய பகைவர் என்பதில்லை. அவன் மேலும் நன்றாக எழுதுவான் என்னும் நம்பிக்கையே அவ்வட்டம். அந்நம்பிக்கையை நண்பரின் நூலுக்கும் வழங்க முன்வருவோரே தமிழுக்குத் தேவையான திறனாய்வாளர்.